நாலு ஏக்கர் ரப்பரை வெட்டிவிட்டு எரிபொருள் புல் போடலாமா?

கேள்வி: 11 ஜனவரி 2025

வணக்கம். மலேசியாவில், பினாங்கு சுங்கை பாக்காப் பக்கம் அப்பா பேரில் நாலு ஏக்கர் இருக்கு. ரப்பர் மரத்துக்கு முப்பது வயசு தாண்டிடுச்சு, பால் வெட்ட ஆள் இல்லை. போன வாரம் ஒரு ஏஜெண்டு வந்தார். மரத்தை இலவசமாவே வெட்டிச் சுத்தம் பண்ணித் தருவாராம். நேப்பியர்னு உயரமா வளர்ற தீவனப் புல் நடணுமாம், அறுத்த புல்லை பயோமாஸ் (செடி, மர எரிபொருள்) கம்பெனி டன் கணக்கில் எடுத்துக்குமாம். பத்து வருஷ ஒப்பந்தம். அரசாங்கமே 2030 வரைக்கும் திட்டம் போட்டிருக்கு, சந்தைக்குப் பயமில்லைன்னு சொல்றார். நட்டுப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

12 ஜனவரி, காலை

நட்டுப் பார்த்தவன் நான். தம்பி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீங்க.

முதலில் மரம். இலவசமாக வெட்டித் தருகிறேன் என்றால் உங்கள் மரத்தை இலவசமாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். முப்பது வயசு ரப்பர் மரத்தின் அடிமரம் அறுப்பு ஆலைக்குப் போகும், கிளை பாய்லருக்குப் போகும். இரண்டுக்கும் காசு உண்டு. நீங்கள் பயோமாஸ் பயிர் எதை நடலாம் என்று கேட்கிறீர்கள். அது ஏற்கெனவே உங்கள் நிலத்தில் நிற்கிறது.

அடுத்தது புல். பச்சை நேப்பியர் டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் நீங்கள் தண்ணீர் வியாபாரம் பேசுகிறீர்கள். ஒரு டன் பச்சைப் புல்லில் 240 கிலோதான் புல், மீதி தண்ணீர். எனக்கு இது எப்படித் தெரியும் என்பதை ராத்திரி எழுதுகிறேன், இப்போது லாரி கிளம்பணும்.

12 ஜனவரி, இரவு

அளந்து பார்த்ததால் தெரியும். வீட்டு மைக்ரோவேவில் அளந்தேன்.

தொண்ணூறு நாள் வளர்ந்த புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, மாவு நிறுக்கும் தராசில் சரியாக 100 கிராம் எடுத்தேன். பீங்கான் தட்டில் பரப்பி, ஓரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, குறைந்த சூட்டில் இரண்டு இரண்டு நிமிடமாக ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் எடுத்து நிறுத்தேன். 81, 63, 49, 38 என்று இறங்கியது. கடைசி மூன்று தடவை 24-லேயே நின்றது. அடுப்படி முழுக்க வைக்கோற்போர் வாசம். வீட்டுக்காரி, "மாட்டுக் கொட்டகையை உள்ளே கொண்டுவந்துட்டீங்களா?" என்று கேட்டபடியே ஜன்னலைத் திறந்துவிட்டாள். அந்த 24 கிராம்தான் எரியும். மீதி 76 கிராமை ஆவியாக்குவதற்கே நெருப்பு வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரி அடுப்பில் வைத்து அளப்பார்கள். நாட்டுப்புறத்துக்கு இது போதும். புல்லை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், கடைசிக் கட்டத்தில் கருகிப் பற்றிக்கொள்ளும்.

14 ஜனவரி

பொங்கல் வைத்து முடிந்தது. என் கதையைக் கேட்டவர்களுக்கு.

பிறையில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் பாய்லர் மேன் வேலை. நான் சேர்ந்தபோது உலை எண்ணெய் எரித்தோம், பிறகு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கொட்டை ஓட்டுக்கு மாறினோம். ஷெல் என்போம், மலாய்க்காரர்கள் தெம்பூருங் என்பார்கள். வேலையை விட்டபின் சொந்தமாக ஒரு லாரி எடுத்து ஷெல்லும் மரச் சிப்ஸும் பாய்லர்களுக்கு ஓட்டுகிறேன். வாங்குகிறவன் பக்கமும் நின்றிருக்கிறேன், விற்கிறவன் பக்கமும் நின்றிருக்கிறேன்.

2017-இல் மாமா மகனும் நானும் ஜாவி பக்கம் மூணு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தோம். புல்லையும் மரத்தூளையும் அமுக்கி எரிபொருள் குச்சியாக்கும் ஒரு பெல்லட் ஆலை புல் எடுக்கும் என்று ஏஜெண்டு ஒருவர் சொன்னார். அவரிடமே கரணை வாங்கி நட்டோம். புல் எங்களை ஏமாற்றவில்லை. ஆள் உயரம் தாண்டி வளர்ந்தது, முதல் அறுப்பில் 46 டன். இரண்டு லோடு பச்சை எடைக்கே காசு கொடுத்தார்கள். மூன்றாவது லோடை வாசலிலேயே நிறுத்தி, ஈரம் அதிகம் என்றார்கள். வெயிலில் காயவைத்துக் கொண்டுபோனோம், சாம்பல் அதிகம் என்றார்கள். மழை வந்தது, குவியல் உள்ளுக்குள் சூடேறிப் புழுங்கி ஆவி பறந்தது, கையை விட்டால் சுட்டது. நாலாவது மாதம் ஆலையில் பூட்டு.

மாமா மகன் ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துப் போட்டிருந்தார். இப்போதும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அந்தப் பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் தம்பி கேட்டதும் காலையிலேயே எழுதினேன்.

நிலத்தில் நின்ற புல்லைக் காப்பாற்றியவர்கள் நிபோங் திபால் மாட்டுக்காரர்கள். தினமும் வேனில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். கிலோவுக்கு ஆலை கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீரும் சேர்த்துத்தானே தீனி.

15 ஜனவரி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 240 கிலோ என்றது எலும்பாகக் காய்ந்த கணக்கு. எந்த பாய்லரும் அவ்வளவு காய்ந்ததைக் கேட்காது, 15 விழுக்காடு ஈரம் இருந்தால் சந்தோஷமாக வாங்கும். 240-ஐ 0.85-ஆல் வகுத்தால் 282 கிலோ. அந்த 42 கிலோ வித்தியாசம் நட்டவனுக்குச் சேரவேண்டியது. அவசரத்தில் அதை விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

அதே கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். 282 கிலோ எடுக்க 718 கிலோ தண்ணீரை விரட்டணும். கிலோவுக்குச் சுமார் 2.4 மெகாஜூல் என்றால் 1,700 மெகாஜூலுக்கு மேல். காய்ந்த 282 கிலோவை எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 3,700. ஆலையில் நெருப்பு வைத்து உலர்த்தினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உலர்த்துவதற்கே போகும், உலர்த்தும் இயந்திரத்தின் சேதாரம் தனி. எங்கள் ஆலை மூடியதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, இந்தக் கணக்குதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை, வாசலில் நின்று கத்தினேன்.

இன்னொன்று. மணிக்கு 4 டன் நீராவி தரும் சின்ன பாய்லர், காய்ந்த புல் என்றால் மணிக்குச் சுமார் ஒரு டன் தின்னும். எங்கள் 46 டன் பச்சைப் புல் காய்ந்தால் 13 டன். மூணு ஏக்கர், மூணு மாதம், இரண்டு பேர் உழைப்பு, எல்லாம் சேர்த்து ஒரு பாய்லருக்கு அரை நாள் தீனி. அதே பாய்லரை ஆண்டு முழுக்க ஓட்ட 400 ஏக்கருக்கு மேல் வேண்டும். பினாங்கில் எங்கே இருக்கிறது? பத்து காவானில் நான் சின்ன வயதில் செம்பனைக் காடாகப் பார்த்த நிலமெல்லாம் 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தபின் தொழிற்சாலையாகவும் வீடாகவும் நிற்கிறது.

19 ஜனவரி

"அரசாங்கமே திட்டம் போட்டிருக்கே, அதை நம்பக்கூடாதா?" என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். திட்டம் உண்மை. எதைப் பற்றிய திட்டம் என்று பார்க்கணும்.

2011-இல் வந்த தேசிய பயோமாஸ் வியூகம் 2020-ஐக் குறிவைத்தது. அதன் முதுகெலும்பு செம்பனைக் கழிவு: தண்டான் கோசோங் (பழம் உதிர்த்த வெறுங்குலை), நார், ஓடு, மட்டை, அடிமரம். 2023 டிசம்பரில் வந்த 2023–2030 செயல்திட்டம் மரம், நெல், கால்நடை, மீன்வளம் என்று விரிந்தது. அங்கேயும் பேச்சு பெரும்பாலும் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் கழிவைப் பற்றித்தான். உங்கள் நிலத்தில் புதிதாக நடும் புல்லுக்கு எவரும் விலை உறுதி கொடுக்கவில்லை. ஏஜெண்டு இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்.

ஆலையை நம்பி நட்டுவிட்டுத் தவித்தவர்கள் நாம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் எக்பரோ என்ற ஊரில் ஆர்ப்ரே என்று ஒரு மின்நிலையம். மரத்தை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் முயற்சி. அதற்காகவே சுற்றுவட்டார விவசாயிகள் வில்லோ மரம் நட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டினால் மறுபடி தழைக்கும், கட்டை இருபது வருடம் நிற்கும். 2002-இல் நிலையம் திவாலானது. வில்லோ மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. நெல் என்றால் ஒரு போகம் நட்டம், அடுத்த போகம் மாற்றிக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பயிரில் ஒரே ஒரு வாங்குபவன், அவன் போனால் வேர் நிலத்தில். வேரைப் பிடுங்கவும் நம் கைக்காசு.

2 பிப்ரவரி

ரப்பர் மரத்துக்கு வருவோம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஓர் அண்ணன், அறுப்பு ஆலையில் இருந்தவர், "பச்சை ரப்பர் மரத்தில் ஈரம் 70 விழுக்காடு, நீங்கள் 41 என்று எங்கேயோ எழுதியது தப்பு" என்கிறார். இரண்டுமே சரி அண்ணே. மேசை நாற்காலி செய்யும் தளவாடக்காரர்கள் காய்ந்த மரத்தை 100 என்று வைத்து அதன்மேல் தண்ணீரைச் சொல்வார்கள். பாய்லர்க்காரர்கள் மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வோம். 100 கிலோ மரத்தோடு 70 கிலோ தண்ணீர், மொத்தம் 170. எழுபதை 170-ஆல் வகுத்தால் 41. ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு என்று எழுதாவிட்டால் லோடுக்கு லோடு சண்டைதான். நானே ஒரு தடவை இதில் மாட்டி ஒரு லோடு காசை விட்டிருக்கிறேன்.

ரப்பர் மரத்தின் கதை நமக்குப் பாடம். என் அம்மா காலத்தில் அது விறகு. மறுநடவு வந்தால் லயத்து வீடுகளுக்குப் பின்னால் குவித்துவைப்பார்கள், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்த எரியும், செங்கல் சூளைக்குப் போகும், மீதியைக் காட்டிலேயே கொளுத்துவார்கள். வெட்டிய சில நாளில் நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும், பலகைக்கு ஆகாது என்று ஒதுக்கிய மரம் அது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தார் அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊறவைத்து, உலர்த்தும் அறையில் காயவைத்தால் நிற்கும் என்று காட்டினார்கள். எண்பதுகளிலிருந்து நாட்டின் மரத்தளவாட ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த மரம்தான்.

மரம் மாறவில்லை. பால்மரத்தில் வாழ்ந்த நம் ஆட்களுக்கு அந்தத் தளவாடக் காசில் பெரிதாக எதுவும் வந்து சேரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மாறியதெல்லாம் வெட்டும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் நடுவில் வந்த ஓர் உலர்த்தும் அறையும், இத்தனை ஈரத்துக்கு மேல் வாங்கமாட்டோம் என்ற ஓர் அளவும்தான்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போய்விட்டு விடியற்காலை திரும்பினேன். தேர் வரும் வழியெல்லாம் உடைத்த தேங்காய். நகராண்மை ஆட்கள் மண்வாரியால் தள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள். இளநீர் ரோட்டில் வாய்க்காலாக ஓடுகிறது, செருப்பு ஒட்டுகிறது.

அந்தச் சிரட்டையைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி. சிரட்டைக் கரிக்கு எப்போதும் கிராக்கி, நீரைச் சுத்திகரிக்கும் கரி அதிலிருந்தும் வருகிறது. ஆனால் அத்தனையும் ஒரே இரவில் ஒரே தெருவில், பருப்போடும் மண்ணோடும் கலந்து கிடக்கிறது. மறுநாள் இல்லை. அடுத்த வருடம்தான். சரக்கு இருப்பது வேறு, சரக்கு வரத்து இருப்பது வேறு என்று நடந்துகொண்டே நினைத்தேன். தினமும் ஒரு லோடு கொடுக்க முடிந்தவனிடம்தான் தவ்கே, அதாவது முதலாளி, உட்கார்ந்து பேசுவார்.

23 பிப்ரவரி

இரண்டு வாரமாக மழை இல்லை, லாரி தூசியில் குளிக்கிறது. மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் "முதலில் நடவா, முதலில் ஆலையா" என்று கேட்கிறார்கள். நட்டவனும் நட்டப்பட்டான், ஆலை போட்டவனும் நட்டப்பட்டான். முதலில் வரவேண்டியது களம் என்பது என் முடிவு. நெல்லுக்குக் களம் இருந்தது மாதிரி. கூரை போட்ட ஒரு கொட்டகை, சிமெண்ட் தரை, மரத்தைச் சிப்ஸாக நறுக்கும் ஒரு சிப்பர், லாரி நிறுக்கும் எடைமேடை, ஈரம் அளக்கும் அடுப்பு. நிபோங் திபாலுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவில் எங்கே போட்டாலும் பிறை பாய்லர்களுக்கு ஒரு மணி நேரம்.

ஏன் பக்கத்திலேயே? இடம்தான் காரணம். காய்ந்து நறுக்கிய புல் ஒரு கன மீட்டரில் 100 கிலோகூடத் தேறாது. மரச் சிப்ஸ் 250-க்குள். ஷெல் என்றால் 550 தாண்டும். என் லாரிப் பெட்டி 20 கன மீட்டர். ஷெல் ஏற்றினால் அச்சு கதறும், புல் ஏற்றினால் லாரி காற்றைச் சுமந்து போகும். டீசல் இரண்டுக்கும் ஒன்றுதான், டோலும் ஒன்றுதான்.

களத்துக்கு முதல் வருடம் எதுவும் நடவேண்டாம். மறுநடவில் விழும் ரப்பர் கிளை, டுரியான் தோட்டத்துக் கவாத்து, ரோட்டோர மரம் வெட்டிய கிளை, அறுப்பு ஆலைச் சிலாம்பு. இதை வைத்துத் தினமும் ஒரு லோடு என்று பெயர் வாங்கணும். பெயர் வந்தபிறகு நட்ட பயிரை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கழிவு பாதை போடட்டும், பயிர் பின்னால் நடக்கட்டும்.

9 மார்ச்

மேலே கடைசி வரியில் எழுதியதை இரண்டு வாரம் யோசித்தேன். பாதி தப்பு.

கோலாலம்பூரிலிருந்து ஒரு தங்கை, எரிசக்தித் துறையில் படிப்பவர், அமெரிக்காவில் நடந்ததை எடுத்துச் சொன்னார். 2008 விவசாயச் சட்டத்தில் பயோமாஸ் பயிருக்கென்றே ஒரு உதவித் திட்டம். நடவுச் செலவில் 75 விழுக்காடு வரை தருவது ஒரு பகுதி. வெட்டிச் சேர்த்து ஆலைக்குக் கொண்டுபோனால் உலர்ந்த டன்னுக்கு 45 டாலர் வரை ஈடாகத் தருவது இன்னொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதி முதலில் திறந்தது. பணம் பெரும்பாலும் எங்கே போனது தெரியுமா? ஏற்கெனவே அறுப்பு ஆலைகளில் விழுந்துகொண்டிருந்த மரத்தூளுக்கும் சிப்ஸுக்கும். அதுவரை அதை வாங்கிப் பலகை செய்தவர்கள், விலை ஏறிவிட்டது என்று கூச்சல் போட்டார்கள், 2010-இல் விதியை மாற்றினார்கள். 2014 சட்டத்தில் 45 என்பது 20 ஆனது, 75 என்பது 50 ஆனது.

அவர்கள் உலர்ந்த டன்னுக்குக் கொடுத்தார்கள், அதைக் கவனியுங்கள். அளவு சரி. கழிவும் பயிரும் ஒரே வரிசையில் நின்றால் கழிவுதான் ஜெயிக்கும் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். கழிவுக்கு நடவுச் செலவு இல்லையே.

நான் இதைக் கண்ணால் பார்த்தவன். 2012-இல் ஜப்பான் பசுமை மின்சாரத்துக்கு நிலையான விலை கொடுக்க ஆரம்பித்தபின் நம் ஷெல் கப்பலேறியது. உள்ளூர் பாய்லர்கள் ஷெல் கிடைக்காமல் மரத்தைத் தேடின, சிப்ஸ் வைத்திருந்தவன் ராஜா. ஷெல் மலிந்தால் அதே ஆட்கள் சிப்ஸ் லாரியை வாசலில் நிறுத்திவிடுவார்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஜப்பான் ஷெல்லுக்குச் சான்றிதழ் கேட்கிறது, எந்த ஆலை, எந்தச் சேமிப்பு முனையம், எப்படிக் கைமாறியது என்று தடம் காட்டணும். நம் சந்தையின் சாவி வேறு நாட்டில் இருக்கிறது.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். களம் கழிவோடு தொடங்கட்டும். ஆனால் முதல் நாளே வாங்குபவனோடு ஒரு வரி எழுதிவிடணும்: மொத்தத்தில் ஒரு சிறு பங்கு, பத்தில் ஒன்றோ இரண்டோ, நட்டு வளர்த்ததாக இருக்கும், அதன் விலை ஷெல் விலையோடு சேர்ந்து விழாது. அந்தச் சிறு பங்குதான் நட்டவனுக்கு உயிர்.

வாங்குபவன் இதற்கு ஏன் சம்மதிப்பான்? ஷெல் இல்லாத மாதத்தில் பாய்லர் நின்றால் ஆலையே நிற்கும் என்பதால். நான் அந்தப் பயத்தோடு இரவு வேலை பார்த்தவன்.

10 மார்ச்

அதே தங்கை கேட்டது: "புல்லில் சாம்பல் அதிகம் என்று ஆலை சொன்னது சாக்கா, உண்மையா?"

உண்மை. வேகமாக வளரும் எந்தப் புல்லிலும் பொட்டாசியம் அதிகம், குளோரினும் வரும். பொட்டாசியம் சாம்பலைச் சீக்கிரம் உருகவைக்கும். உருகியது ஆறினால் கெட்டிக் கட்டியாகும், கிளிங்கர் என்போம். தண்டான் கோசோங்கும் இதே குணம். ஒரு தடவை காய்ந்த நார் அதிகம் கலந்துவிட்டார்கள், நடு இரவில் காற்று போகும் வழி அடைத்துக்கொண்டது. கதவைத் திறந்து நீளக் கம்பியால் இடித்தோம். கரும்பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரி பாளம் பாளமாக உடைந்து விழுந்தது. புருவம் பொசுங்கியது. காலையில் மேலாளரிடம் போய், இனி இதை வாங்கினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அந்த லோடு கொண்டுவந்தவரும் என்னைப்போல ஒரு சின்ன லாரிக்காரர்தான்.

புல்லை அறுத்து ஒரு மழை நனையவிட்டுக் காயவைத்தால் பொட்டாசியமும் குளோரினும் ஓரளவு கழுவிப் போகும். இங்கிலாந்தில் மிஸ்காந்தஸ் புல்லைக் குளிர்காலம் முழுக்க நிலத்திலேயே காயவிட்டு வசந்தத்தில் அறுப்பது இதற்கும் சேர்த்துத்தான். நமக்குக் குளிர்காலம் இல்லை, நேப்பியர் நின்றபடி காயாது.

30 மார்ச்

நேற்று கோலா செபெத்தாங் போய் வந்தோம். பேரப்பிள்ளைகளுக்குக் கரிச்சூளை காட்ட என்று சாக்கு, எனக்குத்தான் ஆசை.

தைப்பிங் தாண்டி மாத்தாங் அலையாத்திக் காடு, சுமார் 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுக்கு மேலாக வனத்துறை அதை வெட்டி, மறுபடி வளர்த்து நடத்துகிறது. பாக்காவ் மரத்துக்கு முப்பது வருடச் சுற்று. 15-ஆம் வருடமும் 20-ஆம் வருடமும் கலைத்து வெட்டிக் கழியாக விற்கிறார்கள், முப்பதில் முழு வெட்டு, அது கரிக்கு. குடைக் கூரைச் சூளை ஒன்றில் சுமார் 40 டன் பச்சை மரம் அடுக்கினால் 10 டன் அளவில் கரி. சூளை வாயை மண்ணால் பூசிவிட்டு, மேலே வரும் புகையை முகர்ந்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறார் அங்கே வேலை செய்யும் பெரியவர். புகையில் ஈரம் போய்விட்டதா என்று கையை நீட்டிப் பார்க்கிறார். என் மைக்ரோவேவை விட அவர் கை துல்லியம்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒரு சூளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு காடு என்று அளந்து ஒதுக்குகிறார்கள். சூளை எத்தனை என்பதும் காடு எவ்வளவு என்பதும் ஒரே கணக்குப் புத்தகத்தில். எங்கள் புல் விஷயத்தில் நட்டவனுக்கு ஆலை எவ்வளவு தின்னும் என்று தெரியாது, ஆலைக்கு யார் எத்தனை ஏக்கர் நட்டான் என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஏஜெண்டுக்கு மட்டும் தெரியும்.

20 ஏப்ரல்

ஈப்போவிலிருந்து ஓர் அக்கா, பூர்வீகம் யாழ்ப்பாணம், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையைப் பற்றி எழுதியிருந்தார். அருமையான யோசனை, எனக்குத் தோன்றவில்லை. இலங்கையில் 2005-இல் அதைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப்பயிராகவே அரசாங்கம் அறிவித்தது. கம்பை வெட்டி நட்டால் போதும், வேர் பிடிக்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். தழை ஆட்டுக்கும் உரத்துக்கும், கம்பு அடுப்புக்கும் பாய்லருக்கும். வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும்.

வேலியில் நிற்பதால் நிலத்தை அது தின்னாது. ஆலை மூடினாலும் வேலி வேலியாகவே இருக்கும், ஆடு தின்னும். ஒரே வாங்குபவனை நம்பி நிற்காத பயிர் இது.

4 மே

தம்பியின் நிலத்துக்கு நேரில் போனேன். அவர் அம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, "கையெழுத்துப் போட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். ஒப்பந்தத்தை வாசித்தேன். விலை பச்சை எடைக்கு. ஈரம் என்ற சொல்லே இல்லை. ஆலை எடுக்காவிட்டால் என்ன என்று இல்லை. தம்பி வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்தது இது. விலை உலர்ந்த டன்னுக்கு, மொத்த எடைக் கணக்கில் ஈரம். ஒவ்வொரு லோடிலும் மூன்று பை மாதிரி, ஒன்று ஆலைக்கு, ஒன்று நமக்கு, ஒன்று முத்திரை போட்டுப் பொதுவில். ஆண்டுக்கு இவ்வளவு கட்டாயம் எடுக்கணும், எடுக்காவிட்டால் வெளியே விற்க உரிமை. ஆலை நின்றால் வேர் பிடுங்கும் செலவு அவர்களுடையது. ஏஜெண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் திரும்பவில்லை.

மரத்துக்கு இரண்டு அறுப்பு ஆலையில் விலை கேட்டோம். அடிமரம் ஒருவருக்கு, கிளை எனக்கு. மறுநடவு உதவிக்கு ரிஸ்டாவில் (சிறு ரப்பர் தோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) விண்ணப்பம் கேட்டு வைக்கச் சொன்னேன். ஒரு மூலையில் அரை ஏக்கர் மட்டும் நேப்பியர், அது பக்கத்து ஆட்டுப் பண்ணைக்கு. எல்லை முழுக்க சீமைக்கிளுவை, 200 கம்பு.

29 ஜூன்

சிப்பர் வாங்கப் பணம் இல்லை, வாடகைக்கு எடுக்கிறோம். கொட்டகை எனக்குத் தெரிந்த ஒருவரின் பழைய கோழிக்கொட்டகை, பக்கச்சுவர் இல்லாததால் காற்று நன்றாக ஓடுகிறது. ரப்பர் கிளையைப் பிளந்து, தரையில் படாமல் கழி கொடுத்து அடுக்கினோம். வாராவாரம் ஒரு துண்டு எடுத்துச் சீவி அளக்கிறேன். இப்போது தம்பி வீட்டு மைக்ரோவேவ்.

அடுக்கிய அன்று ஈரம் 41 விழுக்காடு. மூன்றாம் வாரம் 34. ஐந்தாம் வாரம் 29. நேற்று 24.

பிறையில் ஒரு பாய்லருக்கு வாரம் இரண்டு லோடு பேசியிருக்கிறோம், 25-க்குக் கீழே என்றால் உலர்ந்த டன் விலை. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை முதல் லோடு. மாமா மகன் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

கம்பு 200-இல் 171 தழைத்துவிட்டது.